ஏழாவது பாவாடை

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஆறு நடனக்காரிகள் இருந்தார்கள். ஓர்தான்ஸும் அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்களும் மாடிப் பட்டறையில் பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு படமாக ஆறு பாவாடைகளுக்கும் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். திரையில் ஓட்டிக் காட்டியபோது, ஏழாவதாக ஒருத்தி மஞ்சள் பாவாடையில் ஆடினாள்.

"எவடி இத தீட்டினவ?" என்று கத்தினார் படத் தயாரிப்பாளர் ரிவோலே.

"மஞ்சள் தீட்டுறவ ஓதில் ஒருத்திதான் முதலாளி," என்றாள் ஓர்தான்ஸ். "போன மாசம் மாடியில தீப்பிடிச்சப்போ உள்ள மாட்டிக்கிட்டுச் செத்தாளே, அவதான். கதவு பூட்டியிருந்துச்சு. சாவி உங்க பையில இருந்துச்சு."

"பூட்டலைன்னா நீங்க வேலை பாப்பீங்களா? இன்னிக்கும் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். என்ன பண்ணுவ?"

ஓர்தான்ஸ் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். மாடியில் பதினொரு பெண்கள் இருந்தார்கள்.

"திரும்ப ஓட்டுங்க," என்றாள்.

இந்த முறை மஞ்சள் பாவாடைக்காரி ஆடவில்லை. மற்ற ஆறு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கையைத் தூக்கிக் காட்டினாள். கையில் ஒரு சாவி இருந்தது.

ரிவோலே அவசரமாகச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது, கையில் சாவி இல்லை; விரல்களில் மஞ்சள் சாயம் ஈரமாக ஒட்டியிருந்தது.

மாடியில் கதவு திறந்தது.