இலைத்துளைப்பானுக்குச் சம்பந்தம்

அரை அரிசி அளவுள்ள அந்த அபூர்வ இலைத்துளைப்பான் பூச்சி எங்கள் பால்கனி எலுமிச்சைச் செடியில் உயிரோடு இருக்கும்வரை, வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் அப்படி. ஆனால் பூச்சிக்கு ஆயுள் ஒரு வாரம்தான். வீட்டுக்காரர் தினமும் காலையில் பூதக்கண்ணாடியோடு வந்து, "இன்னும் இருக்குதா?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார்.

எங்களுடையது ஆண் பூச்சி; ஒரு பெண் பூச்சி வந்து முட்டை வைத்தால்தான் வம்சமும் வாடகை வீடும் தங்கும். ஐந்தாம் நாள் ஒரு வரன் வந்தது. அம்பத்தூர் மரகதவல்லியின் வாடகை வீட்டில் ஒரு பெண் பூச்சி இருந்தது. என் மனைவி தமயந்தி கொடுத்த சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு மரகதவல்லி சொன்னார்:

"பொண்ண அனுப்பிட்டா நாங்க தெருவுல நிக்கணும். மாப்பிள்ளை எங்க வீட்டோட வந்துடட்டும்."

"அப்ப நாங்க நிக்கணுமா?" என்றாள் தமயந்தி. "மாப்பிள்ளைய தனியா அனுப்ப மாட்டோம். நாங்களும் கூட வருவோம்."

மரகதவல்லி கொஞ்சம் யோசித்தார். "கட்டில் ஒண்ணுதான் போட முடியும், சம்பந்தி."

மறுநாள் நல்ல நேரத்தில் தீப்பெட்டியில் மாப்பிள்ளையோடும், கட்டில், சிலிண்டர், மிக்ஸியோடும் அம்பத்தூரில் போய் இறங்கினோம். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். பெண் வீட்டில் யாரும் அழவில்லை. அவர்களுடைய வீட்டுக்காரர்தான் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.