முதலில் அணைத்த வீடு

இரண்டாவது அடியில் தையற்காரரின் மூக்குக் கண்ணாடி உடைந்தது.

அடுத்த அடியில் அவர் சுவரோடு சரிந்தார். லாரிக்காரர் அவர் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அடிக்க வசதியாக.

எல்லாம் நான் பச்சை என்று கத்தியதால்தான்.

எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே இணைப்பில்தான் மின்சாரம் வருகிறது. எல்லா வீடும் சேர்ந்து வாங்குவதால் கட்டணம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு மொத்தப் பயன்பாடு அளவைத் தாண்டினால் அந்த மாதம் முழுவதும் எல்லோருக்கும் இரட்டிப்புக் கட்டணம். அதனால் அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டி, கெய்சர் எதையும் போடக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. யாராவது மீறினால் மீட்டர் அறையில் சிவப்பு விளக்கு எரியும்.

மூன்று மாதமாக எரிகிறது. போன மாதம் பில் கட்டுவதற்கு லாரிக்காரர் மகளின் சைக்கிளை விற்றார்.

இன்று சிவப்பு எரிந்ததும் குடியிருப்புத் தலைவர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வீடாக மெயினை அணைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த வீட்டை அணைக்கும்போது விளக்கு பச்சைக்கு மாறுகிறதோ அதுதான் திருட்டு வீடு. தன்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று தன் வீட்டை முதலில் அணைக்கச் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். விளக்கைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

கால் மணி நேரம் கழித்துக் கடைசியாகத் தையற்காரர் வீட்டை அணைத்தார்கள். பச்சை வந்தது. கத்தினேன்.

கத்திய பிறகுதான் அந்த விளக்கோடு வந்த தாளை நான் படித்தது நினைவுக்கு வந்தது. அது இந்த நொடியின் பயன்பாட்டைக் காட்டுவதில்லை. முந்தைய பதினைந்து நிமிடங்களின் சராசரியைத்தான் காட்டும். அப்படியென்றால் பச்சைக்குக் காரணம் இப்போது அணைத்த வீடு இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அணைத்த வீடு.

அப்படித்தான் போட்டிருந்ததா? ஐந்து நிமிடம் என்று இருந்ததோ? உறுதியாகத் தெரியாத எதையும் சொல்ல எனக்கு வாய் வராது. நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு அடி விழுந்தது. தையற்காரர் வாயிலிருந்து இரத்தத்தோடு ஏதோ வெள்ளையாகத் தரையில் தெறித்தது.

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கறியே, உனக்கு மட்டும் அளவு தெரியாதா?" என்றார் லாரிக்காரர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கண்ணே. சில்லுனு இருக்கும்," என்றார் தையற்காரர்.

தொட்டுப் பார்க்க ஒருவரும் போகவில்லை. லாரிக்காரர் காலைப் பிடித்துக்கொண்ட தையற்காரரின் மனைவியை இரண்டு பேர் இழுத்து ஓரமாகத் தள்ளினார்கள். துணி காயப்போடக் கட்டியிருந்த இரும்புத் தடியை ஒருவர் உருவிக்கொண்டு வந்தார்.

நான் மாடிக்கு ஓடினேன்.

தலைவரின் வீடு திறந்தே கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. தடுமாறாமல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

தோல் உரிந்துவிட்டது போலிருந்தது. ஆனாலும் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கொதிக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்ற சந்தேகம் தீர வேண்டும்.

வாசலில் ஆள் வந்து நின்றது தெரிந்தது.

"உங்கப்பாவுக்கு வந்ததும் வெந்நீர் வேணும். சொன்னா கேக்கறாரா?" என்றாள் அம்மா. "கீழ போய் வாயைத் திறந்துடாத, கண்ணு."

குடியிருப்பு விஷயம் என்று வந்துவிட்டால் எங்களுக்கும் அப்பா தலைவர்தான். அம்மாகூட மற்றவர்கள் முன்னால் அப்படித்தான் சொல்வாள்.

நான் கீழே வந்தபோது தையற்காரரின் வலது கையைப் படிக்கட்டின்மேல் நீட்டிப் பிடித்திருந்தார்கள். கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றின்மேல் அப்பா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் தடியை ஓங்கியிருந்தார்.

"அவர் இல்லண்ணே," என்றேன். "அந்த விளக்கு கால் மணி நேரம் லேட்டா காட்டும். முதல்ல அணைச்ச வீடுதான். எங்க வீட்டு கெய்சர் இன்னும் கொதிக்குது."

லாரிக்காரர் என் கையைப் பிடித்து டார்ச் வெளிச்சத்துக்கு இழுத்தார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பத் தொடங்கியிருந்தது. அவர் அதை அவசரப்படாமல் பார்த்தார்.

பிள்ளை ஏதோ உளறுகிறது என்று அப்பா சிரித்தார். நான் உளறுவதாக அவர் சொன்னால் வழக்கமாக நானே நம்பிவிடுவேன்.

தையற்காரரின் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே குறுகிப் படுத்தார். மற்றவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

லாரிக்காரர் தடியைக் கீழே போடவில்லை.

அப்பா டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். கடைக்குப் போகிறவர் போல வெளிக்கதவை நோக்கி நடந்தார்.

அதை யாரோ ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள்.