சத்தம் போடாத அலாரம்

"எல்லாம் சரிம்மா. திருடன் வந்தா அலாரம் கத்த வேண்டாமா? வெறும் விளக்கு எரிஞ்சா யாருக்கு என்ன லாபம்?"

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் அதற்கு மட்டும்தான் பதில் இல்லை.

மேசைமேல் அவள் அட்டையில் செய்த மாடி வீடு. மூன்றாவது படியோரம் ஒரு சென்சார். அதன் முன்னால் விரலை நீட்டினால், உள்ளே சமையலறையில், அடுப்புக்கு மேலே, கடுகளவு சிவப்பு விளக்கு எரியும். காலையிலிருந்து பத்து முறை காட்டிவிட்டாள். பத்து முறையும் எரிந்தது.

அறிவியல் டீச்சர் கொடுத்த பெட்டியில் சத்தம் போடும் பஸ்ஸரும் இருந்தது. வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது இவள்தான். கண்காட்சிக்காவது அதைக் கேட்டு வாங்கி மாட்டியிருக்கக் கூடாதா? வீட்டில் இருப்பதை அப்படியே பார்த்துச் செய்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டிலும் இதேதான், அம்மாவுக்காக இவளே மாட்டிக் கொடுத்தது. மூன்றாவது படியோரச் செருப்பு ஸ்டாண்டுக்குள் சென்சார், அடுப்புக்கு மேலே விளக்கு. மாலையில் அம்மா போனில் அக்காவோடு பேசுவாள். விளக்கு எரிந்ததும் பேச்சை நறுக்கென்று வெட்டி, போனை டப்பாக்களுக்குப் பின்னால் சொருகிவிடுவாள். அப்பா மீதிப் படி ஏறி வருவதற்குள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதும் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். ஒரு வருடம் ஆகிறது. அவளோடு பேசினால் உனக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அந்த அப்பா இப்போது நடுவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். வரமாட்டேன் என்றவர், பட்டறையைப் பூட்டிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டார். அட்டை வீட்டையே குனிந்து பார்க்கிறார். படிகளை எண்ணுகிறார். அடுப்பைப் பார்க்கிறார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். இரண்டு பக்கமும் மேசைகள், பின்னால் சுவர், முன்னால் அப்பா. ஓட வழியில்லை.

"காது... காது கேக்காதவங்களுக்கு, சார்" என்றாள்.

நடுவரின் முகம் மலர்ந்துவிட்டது. "பலே!" என்று பேனாவைத் திறந்தவர், அத்தோடு விட்டாரா? "உங்க வீட்ல யாருக்குக் காது கேக்காது?" என்றார்.

செத்தோம் என்று நினைத்தாள். அம்மாவுக்கு என்று சொன்னால் அப்பாவே இல்லை என்பார்.

"எனக்குத்தான் சார்" என்றார் அப்பா. "ஒரு வருஷமா வீட்ல என்ன பேசினாலும் என் காதுல விழறதில்ல."

அப்பாவுக்குப் பாம்புச் செவி. தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மெக்கானிக். அடுப்படியில் பேசுவது அவருக்குப் படிக்கட்டில் கேட்காமலா இருந்திருக்கும்?

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

கேள்வி காதில் விழாமல் இந்த மனிதர் எப்படிப் பதில் சொன்னார் என்று நடுவர் யோசிக்கவில்லை. அவர் சந்தோஷம் அவருக்கு. அப்பாவின் காதருகே குனிந்து, கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"கெட்டிக்காரப் பொண்ணு! உங்களுக்கு ஒரே பொண்ணா?"

அப்பா அட்டை வீட்டின் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை போல என்று நடுவர் இன்னும் உரக்கக் கேட்டார்.

கிரீஸ் படிந்த கையைத் தூக்கி, அப்பா இரண்டு விரலைக் காட்டினார்.