போன் கூடை

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்து வாசலில் கூடையோடு நின்றவள் நஸ்லியா. படமெடுக்க வந்தவள், வந்த பெண்களின் போனையெல்லாம் வாங்கிக் கூடைக்குள் போட்டுவிட்டு, ஆளுக்கொரு நம்பர் துண்டு கொடுத்தாள். மணப்பெண்ணின் உம்மா ஹாஜறாவின் போனையும் விடவில்லை. ஹாஜறாவுக்கு அப்போதே முகம் கறுத்துவிட்டது.

மூன்றாம் நாள் படம் வாங்க நஸ்லியாவின் வீட்டுக்கே போனாள்.

"லிங்க் ஒண்டு அனுப்பியிருந்தா போன்லயே பார்த்திருப்பமே புள்ள. கட்டாரில என்ட தங்கச்சி காத்துக்கொண்டிருக்கா."

"லிங்க் அனுப்புறல்ல மாமி. எல்லாம் இந்தப் பென் டிரைவில கிடக்கு. பாஸ்வேர்ட் உங்கட மகள் போட்டது. எனக்கும் தெரியாது."

"சாய்ந்தமருதில மத்த ஸ்டூடியோக்காரங்க இன்டர்நெட்டில வெச்சுத்தானே தாறாங்க. அதுவும் சும்மா."

"சும்மா வெச்சுத் தாற பெரிய கொம்பனி, நம்மட புள்ளைகள்ர முகத்தை என்ன செய்யுது எண்டு ஆருக்குத் தெரியும்?"

சொல்லிக்கொண்டே தன் கம்ப்யூட்டரில் இருந்த படங்களை ஹாஜறாவின் கண் முன்னாலேயே அழித்தாள். ஆயிரத்துச் சொச்சம் படம். நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று எடுத்தவை. விளம்பரத்துக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஹாஜறா மலைத்துப் போனாள்.

"இவ்வளவு பயம் ஏன் புள்ள?"

"எட்டு வருசத்துக்கு முதல் என்ட கல்யாணத்தில ஒரு ஆள் என்னையப் போன்ல படமெடுத்து இன்டர்நெட்டில போட்டுட்டா. அது ஆர் ஆர்ர கையிலயோ போய், அழகு கிறீம் விளம்பரத்தில வந்து நிண்டிச்சு. மாப்பிள்ளை வீட்டாக்கள் என்னையத்தான் குறை சொன்னாங்க. ஆறாம் மாசம் எங்கட வீட்டை விட்டு இறங்கிப் போன மாப்பிள்ளை, மறுகா வரல்ல."



"அல்லாஹ்வே. எந்தப் பாவி அவ? பேரைச் சொல்லு, போய் நாலு கேள்வி கேக்கிறன்."

"கெட்ட எண்ணத்தில செய்யல்ல மாமி. கட்டாரில இருக்கிற தங்கச்சி பார்க்கட்டும் எண்டுதான் போட்டிருக்கா."

 ஹாஜறா அந்தக் கல்யாணத்தில் எடுத்து, போட்ட கையோடு மறந்துபோன ஒரு படம், எட்டு வருடம் கழித்து இப்போதுதான் நினைவில் ஏறியது. இந்தப் பிள்ளையின் முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பது என்று தெரியவில்லை.

"அது ஆரெண்டு... உனக்கு முதலே தெரியுமா?"

"ஓம் மாமி."

நஸ்லியா பென் டிரைவை ஹாஜறாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மெல்ல மூடிவிட்டாள்.

"அவட மகள்ர முகத்தைத்தான் இவ்வளவு கவனமாப் பூட்டித் தந்திருக்கன்."