பட்டியலில் இல்லாத வேலை

அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணன் சட்டென்று லேப்டாப்பை மூடினான். "ஒண்ணுமில்லை" என்றான் சுவரைப் பார்த்து. அவள் எதுவுமே கேட்கவில்லை.

மேஜை மேல் கிடந்த பழுப்பு உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் மாடிக்குப் போனான். ஜன்னலோர நாற்காலியில் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. முகத்தை ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தால்தான் யாரென்று தெரியும்.

அந்தக் கண் ஆபரேஷனுக்காகத்தான் அவள் ஒரு மாத லீவில் வந்திருந்தாள். ஏழு வாரம் ஓடிவிட்டது, லீவை இரண்டு தடவை நீட்டியாயிற்று. தேதி மட்டும் கிடைத்தபாடில்லை. அண்ணன் போன் பண்ணிவிட்டானாம், ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாம் என்று அப்பாதான் அவளைச் சமாதானப்படுத்துவார்.

அவளாக அண்ணனிடம் போய்க் கேட்கமாட்டாள். மூன்று வருஷம் முன்பு அம்மா இறந்த சமயம் வீட்டை விற்பதா வேண்டாமா என்று வந்த சண்டையோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிருந்தது. வீட்டு வேலைகளெல்லாம் இப்போது லேப்டாப் வழியாகத்தான். அண்ணன் புரோகிராமர், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகத் தெரியும் ஒரு பழைய எடிட்டரில் எல்லாவற்றையும் எழுதிவைப்பான். காலையில் திறந்தால் அன்றைய பட்டியல் வரும். ஒரு வேலையைக் காணோம் என்றால் மற்றவர் முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

அவள் வந்த முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் வைத்து, முகத்தைப் பார்க்காமல், அப்பாவிடம் சொல்வதுபோல அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தான். தள்ளிப்போட வேண்டிய வேலைக்குப் பக்கத்தில் ஒரு தேதி போட்டால் போதும், அந்தத் தேதி வரும்வரை பட்டியலில் தலைகாட்டாது என்றான். இதென்னடா, கடன்காரனைக் கண்டு ஒளிகிற மாதிரி என்று அப்பா சிரித்தார்.

ஒரே தொல்லை, எப்போது திறந்தாலும் எழுத்து கட்டைவிரல் அளவுக்குப் பெருத்துக் கிடக்கும். அண்ணனுக்கும் வயசாகிறது, கண்ணாடி போடக் கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவளே சிறிதாக்கிக்கொள்வாள்.

மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த இடம், தள்ளிப்போட்ட வேலைகளின் பக்கம், அப்படியே இருந்தது.

'ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி ஆபரேஷன் தேதி வாங்கணும்.' அவள் வந்த அன்று அவளே எழுதிய வரி. முடிந்துவிட்டது என்று இத்தனை நாள் நம்பியிருந்த வரி. பக்கத்தில் அடுத்த மாதத் தேதி. அதற்குக் கீழே, முன்பு நான்கு தடவை தள்ளி வைத்ததற்கான பழைய தேதிகள்.

இது அண்ணன் வேலைதான். கண் தெரியாத மனுஷரிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்து வாங்கிவிடலாம். பழுப்பு உறைக்குள் இருப்பது வீட்டுப் பத்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

மாடிக்குப் போய், மூன்று வருஷம் கழித்து அண்ணனிடம் முதல் வார்த்தையாக, அந்த உறையைக் கொடு என்றாள். அவன் மறுப்பான் என்று நினைத்தாள். அவனோ அதைக் கட்டில் மேல் கவிழ்த்துக் கொட்டினான். விழுந்ததெல்லாம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்க வேண்டியவை. கெடு முடிய முடிய, மூன்று தடவை புதிதாக எடுத்திருந்தான்.

"நானே உன்னைக் கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றான். "இன்னிக்குத்தான் அந்த வரியைக் கண்டுபிடிச்சேன். அப்பாவை இப்படியே வச்சிருந்து, கையோட கூட்டிட்டுப் போயி, வீட்டை எழுதி வாங்கிக்கலாம்னு பார்க்கறியா?"

அவள் கோபத்தோடு கேட்டாள். "நீதானே போன் பண்ணிட்டேன்னு அப்பாகிட்ட சொன்னே?"

"நானா? நீ பண்ணிட்டேன்னுதானே அவர் என்கிட்ட சொன்னாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தயங்கித் தயங்கி, எழுத்தைப் பெரிதாக்கி வைப்பது அவன்தானே என்று கேட்டாள். இல்லை, அது நீ என்றல்லவா இருந்தேன் என்றான் அவன்.

கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் படியிறங்கினார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

அப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் நான்கே வரிகள், ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். விரல்களுக்குக் கண்ணின் தயவு தேவைப்படவில்லை. இரண்டே தட்டில் தேதி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

அண்ணன் வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மெதுவாக அப்பாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டு, தோளில் கை வைத்தாள்.

"ஆபரேஷன்னா பயமா இருக்காப்பா?"

அப்பா விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பவில்லை.

"கண்ணு தெரிஞ்சுட்டா நீ கிளம்பிடுவியேம்மா."