பெயர் போடாத சீட்டு

"என் மூன்று பிள்ளைகளையும் இரண்டு மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். நான் தூங்க வேண்டும்."

எவரிடமும் கேட்டுவிடாதே என்று அம்மாக்கள் சொல்லி வளர்க்கிற விஷயம். ராயபுரம் மாதர் ஜெபக்கூட்டத்தில், விண்ணப்பப் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டைக் கெசியா உரக்கப் படித்தாள். பெயர் இல்லை.

"பெத்துக்கத் தெரியுது, பாத்துக்கத் தெரியலியா?" என்றாள். இடுப்பில் கைக்குழந்தை, துப்பட்டாவின் இரு முனைகளையும் பிடித்தபடி இன்னும் இரண்டு பிள்ளைகள். "நானும்தான் டிகிரி முடிச்சிட்டு மூணு வச்சினுகீறேன். எவ வாசல்லயாவது போய் நின்னனா?"

யாரும் சிரிக்கவில்லை.

"முடியாமதான் எழுதிகீது, பாவம்" என்றார் சலோமி அக்கா. "நான் பாத்துக்கிறேன்."

"நானும்" என்று நாலைந்து கைகள் உயர்ந்தன.

"யாருன்னே தெரியாம இன்னாத்த பாப்பீங்க? அடுத்த சீட்டு."

"இரும்மா. நாலு வாரமா இதே சீட்டு வருது. நாலு வாரமா நீயும் திட்டிட்டு மடிச்சு வச்சிடுற." அக்கா எழுந்து வந்தார். "கையெழுத்து கோணலாத்தான் கீது. ஆனா இந்தக் கூட்டத்துல மூணு சின்னப் புள்ளைங்க வச்சிருக்கிறது நீ ஒருத்திதான் கெசியா."

குடும்பத்தின் முதல் பட்டதாரியான கெசியா சீட்டைக் கைக்குள் கசக்கிப் பொத்திக்கொண்டாள். இடது கையால் எழுதத் தோன்றிய மூளைக்கு, எண்ணிக்கையை மாற்றத் தோன்றவில்லை.

அக்கா கைகளை நீட்டினார். கெசியா குழந்தையைக் கொடுத்தாள், துப்பட்டாவை விடுவித்துக்கொண்டாள், வாசலில் செருப்பை மாட்டினாள்.

"ரெண்டு மணி நேரம்தானே?" என்றார் அக்கா.

"மூணு" என்றபடியே கெசியா வெளியே நடந்தாள்.