எறும்பு வழி
திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் பாதியில் நிற்கிறாள் சகுந்தலா. படிக்கொரு நாமம் சொல்லி இருபது வருடம் ஏறியவள். இனி முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இதுதான் கடைசி. ஞானத்துக்கு எறும்பு ஊரும் வழியும் உண்டு, பறவை பறந்துபோய் உட்காரும் வழியும் உண்டு என்று கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் யாரோ பேசிக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பறவைகள்மேல் பொறாமை. ஒரு காலத்தில் உச்சிப்பொழுதில் கழுகுகள் வந்திறங்கிய வானம் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. அவளைத் தாண்டி ஒருவர் மூச்சிரைக்க ஏறுகிறார். அவர் தோளில் சாய்ந்த குழந்தை வாய் திறந்து தூங்குகிறது. “எழுப்பி நடக்க விடக்கூடாதாப்பா?” என்கிறாள். “இன்னாத்துக்கும்மா? மேல போனா தானா முழிச்சிக்கும்.” குழந்தையின் முகம் அவள் பக்கம் திரும்பியபடியே படிப்படியாக உயர்ந்து போகிறது. சகுந்தலாவின் கை படியோரக் கைப்பிடிக் கம்பியை விடுகிறது. தூக்கிக்கொள்ளச் சொல்லும் பிள்ளையைப் போல, யாரிடம் என்று தெரியாமல், இரண்டு கைகளும் மெல்ல உயர்கின்றன.